சனிக்கிழமைக் கறிவேப்பிலை

சேனாபதி என்று பெயர் வைத்தவர்கள் கூடவே நாலு ஆட்களையாவது அனுப்பியிருக்கலாம். நாற்பத்தாறு வயதில், டெக்சஸ் மாநிலத்தில் கேட்டி என்கிற ஊரில், மூன்று படுக்கையறை வீட்டில், படையும் அவன்தான் தளபதியும் அவன்தான். ஓர் அறையில் அவன் தூங்கினான். இன்னொன்று மகள் தென்றலுக்கு. விவாகரத்துக்குப் பிறகு அவள் அம்மாவோடு நியூ ஜெர்சிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. இதுவரை இரண்டு தடவை வந்து தங்கியிருக்கிறாள். மூன்றாவது அறையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவன் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நல்லவேளை, யாரும் கேட்பதில்லை.

அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். பார்சல் கொண்டுவருகிறவன்கூட வாசலில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தட்டுகிறவர் பத்ரி சார். நாலு வீடு தள்ளி இருக்கிறார். அறுபத்துநாலு வயது, மாம்பலத்துக்காரர். ஓர் எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருஷம் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. சக்கரம் வைத்த பெரிய தொட்டியில், அவர் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்கு. வெயில் காலத்தில் வெளியே, குளிர் வந்தால் கராஜுக்குள். காருக்கு இடம் இல்லாவிட்டால் கார்தான் தெருவில் நிற்கும், மரம் நிற்காது.

மரம் அவர் மனைவி கலாவதி வைத்தது. அந்தம்மா இருந்தவரை சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் இலை பறித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணையத்தில் கேன்சர் வந்து, கண்டுபிடித்த நாலாவது மாதம் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து, மகன் ரோஹன் சான்டா கிளாராவுக்குத் திரும்பிப் போன வாரம், பத்ரி சார் தாமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதினோரு வீடு. ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

சேனாபதியின் வாரமும் அந்தத் தட்டலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸில் பேசுவதெல்லாம் வேலை. ஞாயிற்றுக்கிழமை தென்றலுக்கு போன் போட்டால், "சாப்பிட்டியா கண்ணு?" என்பதற்கு "யா", "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்பதற்கு "ஃபைன்". வேலையும் இல்லாமல் கடமையும் இல்லாமல் ஒரு மனுஷரோடு பேசுவது பத்ரி சாரோடு வாசலில் நிற்கிற அந்த நாலு நிமிஷம்தான். அதற்காக அவன் ஒன்பது மணிக்கே ஷேவ் பண்ணி, உள்ளதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவான். "உள்ள வாங்க சார், டீ சாப்பிடலாமுங்க" என்பான். "இன்னொரு நாள் சேனா, இன்னும் ஆறு வீடு பாக்கி" என்பார் அவர். இரண்டு வருஷமாக அந்த இன்னொரு நாள் வரவில்லை. அவனும் தண்ணீர் வைப்பதை நிறுத்தவில்லை.

இதில் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. பத்ரி சார் இலையை நீட்டி, "மோந்து பாருங்க" என்பார். சேனாபதி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, "அடடா!" என்பான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோவிட் வந்தபோது போன வாசனை திரும்பி வரவேயில்லை. காபி, மழை, எரிகிற தோசை, எல்லாம் ஒன்றுதான். டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பொறுத்ததில் பழகிவிட்டது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, இதைக் கேட்டு "ஐயோ, அப்படியா?" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? பத்ரி சாரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், வாசனை தெரியாதவனுக்கு எதற்குக் கறிவேப்பிலை என்று அவர் வருவதை நிறுத்திவிட்டால்? அந்தப் பயம்தான். ஆகவே வாராவாரம் அடடா.

அந்த அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை பத்ரி சார் கொண்டுவந்த ஜிப்லாக் பை கொஞ்சம் பழசாக, மங்கலாக இருந்தது.

"கலாவோட டிராயர்ல கிடைச்சது. கழுவித்தான் வச்சிருக்கா. பையை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க, சேனா."

"குடுத்துடறனுங்க சார்."

"மோந்து பாருங்க."

சேனாபதி பையைத் திறந்து மூக்கை விட்டான். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. "அடடா! கறிவேப்பிலைன்னா இதுதானுங்க சார்."

பத்ரி சார் நகரவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். "வேற ஏதாவது தெரியறதா?"

"வேறன்னா... ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்குதுங்க சார்."

"ம்ம். சரி, சரி." அவர் திரும்பி நடந்தார். அன்றைக்கு நாலு நிமிஷம்கூட நிற்கவில்லை. தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று சேனாபதி கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தான்.

சேனாபதியின் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஹூஸ்டனுக்கு மேற்கே பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவன் கெமிஸ்ட். அவர்களுக்கு மூலப்பொருள் தங்கம். உடனே வாயைப் பிளக்க வேண்டாம். கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்ட தங்கம். அந்த அளவுக்குச் சின்னதாகிவிட்டால் தங்கம் மஞ்சளாக இருக்காது. தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு. கந்தகம் உள்ள பூச்சிமருந்து கொஞ்சம் கலந்துவிட்டால் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு கும்பலாக ஒட்டிக்கொள்ளும். உடனே நிறம் நீலமாகிவிடும். இதை ஒரு விரல் நீளக் காகிதத்தில் தடவி, வீட்டிலேயே காய்கறியைச் சோதிக்கிற ஸ்ட்ரிப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள். இலையைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் ஸ்ட்ரிப்பை நனைத்து, ஐந்து நிமிஷம் காத்திருந்தால் போதும். சேனாபதிக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு. அவனிடம் இல்லாத மூக்கு இதற்கு இருந்தது.

அந்த வாரம் முதலாளி ஷ்ரேயஸ் எல்லோருக்கும் இருபது ஸ்ட்ரிப் உள்ள டப்பாவைக் கொடுத்து, வீட்டில் இருக்கிறதையெல்லாம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தான். டப்பாவில் ஓர் அட்டை. கை கழுவிவிட்டுத் தொடவும். வெங்காயம், பூண்டைச் சோதிக்க வேண்டாம், அவற்றிலேயே கந்தகம் உண்டு. நீலம் வந்தால் பொருளை லேபுக்குக் கொண்டுவந்து பெரிய மிஷினில் உறுதி செய்யவும். அதுவரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அட்டையை எழுதியதே சேனாபதிதான்.

சனிக்கிழமை மத்தியானம் வேறு வேலையில்லை. ஆப்பிள் சிவப்பு. கடையில் வாங்கிய கொத்தமல்லி சிவப்பு. கீரை சிவப்பு. பத்ரி சாரின் கறிவேப்பிலை நீலம்.

ஏதோ தப்பு என்று கிண்ணத்தைக் கழுவி, கையைக் கழுவி, இரண்டாவது தடவை செய்தான். நீலம். மூன்றாவது தடவையும் நீலம். பேனா மை மாதிரி சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம்.

அப்போது அவன் மனதில் வந்தது கவலைதான் என்று எழுதினால் கதை கௌரவமாக இருக்கும். ஆனால் உண்மை வேறு. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தெருவுக்கு வந்த மூன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, பத்ரி சார் வீட்டுக் கதவைப் போய்த் தட்ட அவனுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அவர் தட்டி இவன் திறப்பது போய், இவன் தட்டி அவர் திறப்பார். முக்கியமான விஷயம், நாலு நிமிஷத்தில் முடியாது. உட்காரச் சொல்வார். மிஷினில் போட்டுப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று தானே எழுதிய அட்டை கண்ணெதிரே கிடந்தது. தனியாக இருக்கிறவனுக்கு ஒரு சேதி கிடைத்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது லேசில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனான். கராஜ் கதவு திறந்திருந்தது. பத்ரி சார் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அட, சேனா! என்ன அதிசயமா?"

சேனாபதி மூன்று ஸ்ட்ரிப்பையும் எடுத்துக் காட்டினான். தங்கம், துகள், சிவப்பு, நீலம் என்று சரளமாக விளக்கினான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு பேச்சு தனக்குள் எங்கே இருந்தது என்று.

பத்ரி சார் சிரித்துக்கொண்டேதான் கேட்க ஆரம்பித்தார். "தங்கத்துல செஞ்சா நகையாப் போட்டுக்கணும் ஓய், கறிவேப்பிலைத் தண்ணியிலயா முக்குவாங்க?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ நீலம்னா மருந்து இருக்குன்னு அர்த்தமா?"

"ஆமாங்க சார்."

அவர் கையில் இருந்த துணியை மடித்தார். இன்னும் ஒரு தடவை மடித்தார். "ஒரே ஒரு தடவை அடிச்சேன், சேனா. அந்த வருஷம் வெள்ளைப் பூச்சி. இலையெல்லாம் சுருண்டுபோச்சு. அவ பாத்து வருத்தப்படுவாளேன்னு, அவ தூங்கிண்டிருந்தப்போ கடையிலேர்ந்து ஒரு பாட்டில் வாங்கிண்டு வந்து அடிச்சேன். அவகிட்ட சொல்லலை. மருந்துன்னா திட்டுவா. அவ தினம் கார்த்தால வெறும் வயித்துல ஏழு இலை பறிச்சு மென்னு தின்பா. சுகருக்கு நல்லதுன்னு." அவர் மரத்தைப் பார்த்தபடியே கேட்டார். "அதுக்கப்புறம் நாலு மாசத்துல அவளுக்கு வயித்து வலி ஆரம்பிச்சது. அந்த மருந்து இன்னும் இருக்குமா? அன்னிக்கும் இருந்திருக்குமா?"

இந்த இடத்தில் சேனாபதி சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ உண்டு. அந்தப் பாட்டிலைக் காட்டுங்க சார் என்றாவது கேட்டிருக்கலாம். ஆனால் அவன் அப்போது கம்பெனி மீட்டிங்கில் பேசுகிற சுதியில் இருந்தான்.

"மண்ணுல தங்கியிருக்கலாமுங்க சார். ரூல் அவுட் பண்ண முடியாது."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. பத்ரி சார் துணியைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். "சரி, சேனா. சொன்னதுக்கு தேங்க்ஸ்" என்று உள்ளே போனார். கராஜ் கதவு மெதுவாக இறங்கியது. அது இறங்கி முடிக்கிறவரை சேனாபதி டிரைவ்வேயில் நின்றான். கையில் மூன்று ஸ்ட்ரிப்.

அன்று சாயங்காலம் தெருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் பத்ரி சாரின் சேதி வந்தது. 'நான் கொடுத்த கறிவேப்பிலையை எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மன்னிக்கவும்.' கீழே நாலைந்து பேர் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். என்ன ஆயிற்று என்று யாரோ ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை.

லேபில் பெரிய மிஷின் சர்வீஸுக்காகப் பிரித்துக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமைதான் ஓடும் என்றார்கள். மீதி இலையைப் பையோடு லேப் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு சேனாபதி அந்த வாரத்தைத் தள்ளினான். போன் பண்ணலாமா என்று தினமும் நினைத்தான். என்ன சொல்வது? சொல்ல வந்ததைத்தான் ஏற்கெனவே சொல்லிக் கெடுத்தாயிற்றே.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஷேவ் பண்ணினான். சட்டை மாற்றினான். தண்ணீர் கொதித்தது. ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று. கதவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, தான் எதற்காக நிற்கிறோம் என்று தனக்கே தெரியாத மாதிரி செருப்புகளை அடுக்கி வைத்தான். இருந்ததே இரண்டு ஜோடி.

பத்தரைக்கு வெளியே வந்து நடந்தான். பத்ரி சார் வீட்டு முன்னால், தோட்டக் குப்பை போடுகிற உயரமான காகிதப் பைகள் ஐந்து வரிசையாக நின்றன. எல்லாவற்றின் வாயிலும் கறிவேப்பிலை துருத்திக்கொண்டிருந்தது. கடைசிப் பையில் மணிக்கட்டுத் தடிமனில் அறுத்த கிளைகள். கதவைத் தட்ட வேண்டியதுதானே? தட்டவில்லை. எதிர்ப்பக்கமாகத் திரும்பி, தெருவையே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். அதற்கும் பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

திங்கட்கிழமை மிஷின் ஓடியது. அதை ஓட்டுகிறவள் தீக்ஷா, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சென்னைப் பெண். சேனாபதி பையை அவளிடம் நீட்டினான். அவள் திறந்த வேகத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ! என்ன சார், லேப்ல பெருங்காயம் கொண்டு வந்துட்டீங்க?"

"என்னது?"

"பெருங்காயம் சார். பை பூரா. மூக்கு அடைக்குது. எங்க வீட்டு சாம்பாரே தோத்துடும்." அவள் சிரித்தாள். பிறகு அவன் சிரிக்கவில்லை என்று பார்த்து, "உங்களுக்கு ஸ்மெல் வரலையா சார்?" என்றாள்.

சேனாபதி அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். பெருங்காயத்தின் அந்த நாற்றமே கந்தகம்தான். வெங்காயத்தையும் பூண்டையும் அட்டையில் எழுதியவன் பெருங்காயத்தை எழுதவில்லை. கம்பெனியில் பாதிப் பேருக்குப் பெருங்காயம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்தவர்களில் அட்டையை எழுத உட்கார்ந்தவன் அவன்தான். பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளைகூடப் பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லியிருக்கும். அவன் மூன்று ஸ்ட்ரிப்பை முக்கி, மூன்று தடவை நீலம் பார்த்து, அதை விஞ்ஞானம் என்று நம்பி ஒரு மனுஷரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

"ஜலதோஷம்" என்றான் தீக்ஷாவிடம். அப்போதும் பொய்தான் வந்தது.

மிஷினில் இரண்டு தடவை ஓட்டினார்கள். பூச்சிமருந்து இருந்தால் திரையில் ஒரு கோடு எழும்ப வேண்டும். எதுவும் எழும்பவில்லை. வெறும் பையை அலசிய தண்ணீரில் ஸ்ட்ரிப்பை நனைத்தான். நீலம். இலையை மட்டும் தனியாக நன்றாகக் கழுவி, மறுபடி அலசிய தண்ணீரில் நனைத்தான். சிவப்பு.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, காரைத் தன் வீட்டில்கூட நிறுத்தாமல், நேரே பத்ரி சார் வீட்டுக்குப் போய் மணியை அடித்தான். அவர் திறந்தார். ஒரு வாரத் தாடி. கதவைப் பாதிதான் திறந்திருந்தார்.

"சார், இலையில ஒண்ணுமே இல்லீங்க. மிஷின்ல ரெண்டு தடவை பாத்துட்டேன். தப்பு என்னோடதுங்க."

பத்ரி சார் தலையை ஆட்டினார். "நான் மனசு ஒடஞ்சுடக் கூடாதுன்னு சொல்றீங்க. பரவால்ல, சேனா. நல்ல மனசு உங்களுக்கு."

"இல்லீங்க சார், நெசமாத்தான் சொல்றேன். இந்தப் பையை மோந்து பாருங்க. பெருங்காயமுங்க. அதுதான் நீலமாக்கியிருக்குது, மருந்து இல்லீங்க."

"பெருங்காயம்னு எனக்குத் தெரியும்" என்றார் பத்ரி சார்.

சேனாபதிக்குப் புரியவில்லை.

"கலா கட்டிப் பெருங்காயம் போட்டு வச்சிருந்த பை. அவ டிராயரை நான் ரெண்டு வருஷமாத் திறக்கலை. அன்னிக்குத்தான் திறந்தேன். பையை எடுத்ததும் அவளே வந்து பக்கத்துல நின்ன மாதிரி இருந்தது. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்தது. ரோஹன்கிட்ட சொன்னா 'டாட், ஆர் யூ ஓகே'ம்பான், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போடுவான்." அவர் கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பதினோரு வீட்டுல உங்களுக்கு மட்டும்தான் அந்தப் பையில போட்டுக் குடுத்தேன். 'என்ன சார், பெருங்காயம் அடிக்குது'ன்னு கேப்பீங்க, நானும் உள்ள வந்து உக்காந்து அவளைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாம்னு. கேட்டேனே, வேற ஏதாவது தெரியறதான்னு. நீங்க ஃப்ரெஷ்ஷுன்னுட்டீங்க. சரி, இவருக்கும் என்ன வேலையோன்னு போயிட்டேன்."

இந்த ஒரு வாசலில் பொய் சொல்ல சேனாபதியால் முடியவில்லை.

"எனக்கு வாசனையே தெரியாதுங்க சார். கோவிட் வந்ததுலேர்ந்து. மூணு வருஷமா ஒண்ணுமே தெரியாது."

"அப்போ வாராவாரம் அடடா?"

"பொய்ங்க சார்."

"கலா உங்களுக்கு ரசம் குடுத்தனுப்பினாளே? வாசனையே ஊரைத் தூக்குதுன்னு சொன்னீங்களாமே. அதையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிண்டிருந்தா."

"அதுவும் பொய்ங்க சார்."

சேனாபதி அவசரமாகக் கேட்டான், "சார், அன்னிக்கு நீங்க அடிச்ச பாட்டில் இன்னும் இருக்குதுங்களா?"

இருந்தது. கராஜ் அலமாரியின் மேல்தட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், கலாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். சேனாபதி பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"சார், இது சோப்புத் தண்ணி. வெறும் சோப்புங்க. செடிப் பூச்சிக்கு அடிக்கிற சோப்பு. அடிச்சுட்டு அன்னிக்கே பறிச்சு, கழுவித் தின்னலாம்னே போட்டிருக்குதுங்க. இதனால கலாக்காவுக்கு எதுவும் ஆகியிருக்காதுங்க சார்."

பத்ரி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலை வாங்கிப் படித்தார். முப்பது வருஷம் குழாய் டிராயிங்குகளைப் படித்தவர், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. கராஜின் நடுவில் சக்கரத் தொட்டி நின்றது. அதில் மண்ணும், ஒரு சாண் உயரத்துக்கு அறுபட்ட கட்டையும்.

"நான் வெட்டிட்டேனே, சேனா" என்றார்.

சேனாபதி பையை நீட்டினான். திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பை. இலையெல்லாம் போய்க் காலியாக இருந்தது. பத்ரி சார் அதை வாங்கி, வாயைத் திறந்து, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் நின்ற சேனாபதிக்குத் தெரிந்ததெல்லாம் கராஜ் காற்றுத்தான். ஒரு மனுஷனால் இதைவிடத் தனியாக நிற்க முடியுமா என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு பத்ரி சார் பையை மூடி, காற்று வெளியேறாமல் விரலால் அழுத்தி ஒட்டி, உள்ளே போய்விட்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது. சேனாபதி ஒன்பது மணிக்கு ஷேவ் பண்ணினான். தண்ணீர் வைக்கவில்லை. இலை இல்லை, ஆகவே அவர் வரமாட்டார். இது கூட்டல் கழித்தல் மாதிரி தெளிவாக இருந்தது. ஒன்பதரைக்கு ஷெல்ஃபில் இருந்த ஸ்ட்ரிப் டப்பா வரைக்கும் அவன் கை போனது. ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் தேவலை. வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டான். வெறுங்கையோடு நாலு வீடு நடந்து, கதவைத் தட்டினான்.

பத்ரி சார் திறந்தார். தாடியை எடுத்திருந்தார்.

"என்ன சேனா, வேற ஏதாவது ரிசல்ட்டா?"

"இல்லீங்க சார்."

"இலை இல்லையே."

"தெரியுமுங்க சார்." அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். "பெருங்காயம் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தேபோச்சுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கலாம்னு வந்தேன். கலாக்காவைப் பத்தியும் ஏதோ சொல்றேன்னீங்களே."

பத்ரி சார் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமா இல்லையா என்று சேனாபதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கெல்லாம் ஸ்ட்ரிப் கிடையாது. பிறகு அவர் கதவை முழுசாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கினார்.

சேனாபதி உள்ளே கால் வைத்தான். மூன்றரை வருஷத்தில் இந்த வாசலைத் தாண்டியதில்லை. செருப்பை எங்கே விடுவது என்றுகூடத் தெரியவில்லை. சுவரோரம் மரப்பலகையில் பத்ரி சாரின் ஷூ இருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, நீல வார் வைத்தது, தூசி தட்டி நேராக வைத்திருந்தது. அதைத் தொடாமல் எங்கே இடம் என்று அவன் ஒற்றைக் காலில் நின்று பார்த்தான்.

"அதைக் கொஞ்சம் தள்ளிட்டு அங்கயே விடுங்க" என்றார் பத்ரி சார். "அவ ஒண்ணும் சொல்லமாட்டா."